இனி யாரும் கேட்காதவை

மெட்ராஸிலிருந்து வந்திருந்த குருநாதன் பையிலிருந்து எடுத்துப் போட்டது ஒரே ஒரு தாள். முத்தப்பன் அதைப் படிக்கவே வேண்டாம், சிநேகிதன் முகமே சொல்லிவிட்டது. இந்தத் தடவையும் மெஷினில் இடம் தீர்ந்து கணக்கு பாதியில் நின்றிருந்தது. சே, என்ன பிழைப்பு இது! கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலை. காரைக்குடியில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? வருஷக்கணக்காக இவர் எழுதி அனுப்புவதும், குருநாதன் அதைக் கார்டில் துளைபோட்டுத் தன் ஆபீஸ் மெஷினில் ஓட்டுவதுமாகவே போய்விட்டது.

முத்தப்பன் உண்டாக்கியது கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு மொழி. அதில் எல்லாமே கணிதச் சார்புகள்தான். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு வைத்தால் வைத்ததுதான், அழித்து எழுதக்கூடாது. வேறு வேண்டுமா, பக்கத்தில் புதிதாக உண்டாக்கிக்கொள். பழையதும் மெஷினில் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும்.

“பழசைக் கழிச்சுக்கட்ட ஒரு வழி வையின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியாடா?” என்றான் குருநாதன்.

“எப்ப எது வேணுமோ, யாரு கண்டா? இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான்...”

குருநாதன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பூட்டிய அறைகள், பர்மாப் பெட்டிகள், வாயுடைந்த ஜாடிகள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த வீட்டுல பொறந்தவன் வேற எப்புடி எழுதுவே? அடுத்த மாசம் நான் பம்பாய் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணிக் குடு, கடைசியா ஒருதரம் ஓட்டுறேன். அப்புறம் ஒன் மொழியை ஏறெடுத்துப் பாக்க ஆளில்லை.”

அவன் போனபிறகு முத்தப்பன் பேனாவைத் திறந்தார். ‘இனி யாரும் கேட்காதவற்றை நீக்குக’ என்று எழுதினார். கேட்க மாட்டார்கள் என்பதை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? மனைவியைக் கூப்பிட்டார்.

“கண்ணம்மை, இனி யாரும் கேக்க மாட்டாகன்னு நிச்சயமாத் தெரிஞ்ச சாமான் இந்த வீட்டுல எது?”

அவள் போய் ஓர் அறையைத் திறந்தாள். மகள் உமையாள் பிறந்த நாளிலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெட்டியவை, அங்கே அடுக்கியிருந்தன. உமையாள் டில்லியில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். வாசப்படி மிதிக்காதே என்று எழுதிப்போட்டவர் முத்தப்பன்தான்.

கண்ணம்மை ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அவ கேட்டு வரமாட்டான்னு நீங்க சொல்லுங்க. இன்னைக்கே கடையில போட்டுர்றேன்.”

முத்தப்பன் தான் எழுதிய வரியைப் பார்த்தார். மாட்டாள் என்றும் சொல்ல வரவில்லை, வருவாள் என்றும் சொல்ல வரவில்லை. திறந்த பேனா கையிலேயே இருந்தது.

கண்ணம்மை குடத்தை இறக்கவும் இல்லை, உள்ளே கொண்டுபோகவும் இல்லை. கைமாற்றி மறுபக்க இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.