ஸ்பேனர் பேசிய பதினொரு நாள்

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னோடு ஜோடியாக வேலை பார்ப்பவன் என் மனைவியின் தம்பி. உயரத்தைப் பார்த்து எல்லோரும் நெட்டையன் என்பார்கள்.

பதினொரு நாளைக்கு முன் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடும்போது ஏதோ வாக்குவாதம். கோபத்தில் அவனிடம் வார்த்தையை விட்டுவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அதோடு பேச்சு நின்றது.

பழைய லிஃப்டைப் பழுது பார்க்க ஒரு சட்டம் உண்டு. மொட்டை மாடி மெஷின் அறையிலிருந்து நான் "மேலே" என்று கத்துவேன். கூண்டின் தலைமேல் நிற்கும் அவன் "மேலே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பட்டன். இப்போது அவன் வாயைத் திறப்பதில்லை. ஸ்பேனரால் கம்பியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். எனக்கும் வீம்பு. தட்டினால் தட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இன்று காலை "மேலே" என்றேன். டங் என்று கேட்டது. அழுத்தினேன். கீழே ஓர் அலறல். பதறிக் கையை எடுத்தேன்.

அந்த டங் அவன் தட்டியதல்ல, ஸ்பேனர் கையிலிருந்து நழுவி விழுந்த சத்தம். எடுக்கக் குனிந்தவனின் சட்டைக்கை சுவர்க் கொக்கியில் மாட்டித் தோள்வரை கிழிந்திருந்தது. கைக்கு ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் என் மனைவியின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். கூண்டு நின்றிருந்த நான்காம் மாடிக்கு இறங்கிக் கதவைத் திறந்து, கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். பயம்தான், மறைப்பதற்கு என்ன.

"நீ வாயைத் தொறக்கிற வரைக்கும் இந்த லிஃப்ட் நகராது."

கட்டிட மேனேஜர் படியேறி மூச்சிரைக்க வந்தார். "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"பேசி முடிக்கிற வரைக்கும் சார்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

நெட்டையன் கிழிந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னிக்கு என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க," என்றான்.

"இப்ப எதுக்குடா அது?"

"நம்ம வேலையில அதுதானே சட்டம், மாமா."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நான் சேர்த்துவிடலைன்னா உனக்கு ஒரு நாய்கூட வேலை குடுத்திருக்காது."

அன்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இன்று நிதானமாகச் சொன்னபோது என் காதே கூசியது.

"தப்புடா," என்றேன்.

"இங்க யாரு இருக்கா கேக்க? என் பொண்டாட்டி, பிள்ளைங்க முன்னாடிதானே சொன்னீங்க. தப்புன்னும் அங்கதான் சொல்லணும்."

சுருக்கென்றது. அந்த வாண்டுகள் முன்னால் நான் தலை குனிவதா? நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. கிழிந்த சட்டைக்கை கண்ணில் பட்டது. பதிலை விழுங்கினேன்.

"உன் பொண்டாட்டி, பிள்ளைங்க முன்னாடி சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை. "எப்போ?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"இன்னிக்குச் சாயங்காலம்," என்று திருப்பிச் சொன்னான்.

அதன் பிறகே எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தேன்.