ராணி மூலைக்குப் போன வாரம்

தங்கை வீட்டுக்காரரும் நானும் ஒருமுறை சண்டை போட்டு, இரண்டு வருடம் பேசவில்லை. நடுவில் கிடந்து அல்லாடியவள் தங்கைதான். இந்தச் சதுரங்க புரோகிராமைச் சேர்ந்து எழுத ஒப்புக்கொண்டதே அவளுக்காகத்தான். இதிலும் முறைத்துக்கொண்டால் அப்புறம் ஒட்டாது என்று எனக்குத் தெரியும்.

பலகை மச்சான் பொறுப்பு, காய்களை நகர்த்துவது என் பொறுப்பு. அறுபத்து நான்கு கட்டத்துக்கு அறுபத்து நான்கு பிட்; காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் நகர்வுக்கு இருபது வழி என்று புரோகிராம் சரியாகச் சொன்னது. கைகுலுக்கிக்கொண்டோம்.

பிறகு, ராஜாவை மூலைப் பக்கம் ஒதுக்கிக் காப்பாற்றும் கோட்டையைக் கட்டச் சொன்னேன். ராஜாவை அம்போவென்று விட்டுவிட்டு ராணியை மூலையில் பத்திரப்படுத்தியது.

மச்சானின் பகுதியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. நான் வரிசையை, பலகையில் பார்ப்பதுபோல், இடமிருந்து எண்ணியிருந்தேன். எண்ணில் ஒன்றாம் இடம் வலது ஓரம்தானே என்று அவர் வலமிருந்து எண்ணியிருந்தார். ஒருவர் மாறினால் போதும். வாயைத் திறந்தால் வம்பு என்று சத்தமில்லாமல் நானே மாறினேன். என் பெருந்தன்மை எனக்கே பிடித்துப்போனது.

மறுநாளும் ராணிதான் போனது. நான் செய்தது தப்போ என்று பழையபடி மாற்றினேன். அடுத்த நாளும் ராணியேதான். அவர் பகுதியை மறுபடி திறப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். "எப்படிப் போகுது மச்சான்?" என்பார். "நல்லாப் போகுது மச்சான்" என்பேன்.

சனிக்கிழமை தங்கை, யார் எப்போது எதை மாற்றினோம் என்று பதிவாகும் திருத்தப் பட்டியலைத் திறந்தாள்.

"பத்து மணிக்கு நீ வலம். பத்தரைக்கு இவர் இடம். மறுநாள் நீ இடம், இவர் வலம். வாரம் பூரா இதே வேலையா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "அவர் கோவிச்சுக்கக் கூடாதுன்னு நானே மாத்திட்டேன்."

"நானும் அதுக்குத்தான்" என்றேன்.

"ரெண்டு வருஷம் பேசாம இருந்தீங்க. இப்போ பேசிக்கிட்டே பேசாம இருக்கீங்க" என்றவள் அழுதுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வலமிருந்து எண்ணுறது மடத்தனம் மச்சான்" என்றேன்.

"உங்களுதுதான் மடத்தனம்!"

குரல்கள் ஏறின. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை வாசற்படியில் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். "நல்லாக் கத்துங்க. யாரும் எழுந்து மட்டும் போகக் கூடாது."

ஒரு மணி நேரம் கத்தினோம். யாரும் எழுந்து போகவில்லை.