மூன்று ஊர் சம்பந்தம்

கூட்டம் போடுவதில் காரைக்கால்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது என்று குஞ்சம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். மாயவரத்துக்காரரும் திருமலைராயன்பட்டினத்துக்காரரும் வந்து சேர்ந்த பிறகு அந்த நினைப்பை மாற்றிக்கொண்டாள். இதுவரை இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. மூன்று நூலகங்களும் ஒன்றுக்கொன்று கைகொடுத்துப் பழைய ஏடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு முறையும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், கைதட்டினார்கள், கலைந்து போனார்கள். எந்த ஏட்டை, யார், எப்போது எடுத்துப்போய் வைத்துக்கொள்வது என்ற பேச்சு மட்டும் எழவே இல்லை.

அவளுக்கு அப்படிச் சாவகாசமாக இருக்க வழியில்லை. அவள் வேலை பார்த்த காரைக்கால் வாசகசாலை, கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டுக் கட்டடம். எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசிப் புயல் அதன் கூரையில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. நாற்பத்திரண்டு புத்தகம் கூழாகிவிட்டது. இரண்டு கையாலும் அதை வாரி வெளியே கொட்டியவள் அவள்தான். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான், அவளும் மறுக்கவில்லை. கூரைக்கு முட்டுக்கொடுத்த கொத்தனார் மருதையன், வரப்போகிற அடைமழைக்கு இது நிற்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த நூற்று அறுபத்து மூன்று ஏடுகளும் ஐப்பசி பிறப்பதற்குள் வேறு எங்காவது போயாக வேண்டும். இன்னொரு முறை கூழ் வார அவளுக்குத் தெம்பில்லை.

அவற்றில் ஒன்றின்மேல் அவளுக்குத் தனிப் பாசம். நூறு வருஷத்துக்கு முன்னால் காரைக்கால் துறைமுகத்தில் கப்பலேறிக் கடல் கடந்து போனவர்களின் பெயர்ப் பதிவேடு அது. கோட்டுச்சேரி முத்தையன், திருவேட்டக்குடி காசியம்மா என்று ஊரும் பேரும் தகப்பன் பேருமாக ஒரு குமாஸ்தா குண்டு குண்டாக எழுதி வைத்திருந்தார். புயலில் நனைந்ததை, தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் கொடுத்து, ஒரு மாதம் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி மீட்டிருந்தாள். தப்பித்ததே என்று நிம்மதியாக இருந்தபோது பூச்சி அரிக்க ஆரம்பித்தது.

உண்மையில் மூன்று பேரும் ஒருவருக்கு ஒருவர் அளவெடுத்துத் தைத்த மாதிரித்தான் இருந்தார்கள். திருமலைராயன்பட்டினத்து வியாபாரி ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் வீட்டு மாடியில் பெரிய புத்தக அறை இருந்தது. தளம் போட்ட மாடி, சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அவருடைய அரபுத்தமிழ் நூல்கள் முதுகு பிய்ந்து கிடந்தன. மாயவரம் நூலகத்தில் ஏட்டுப் பூச்சியைக் கொல்லும் மருந்துப் பெட்டி இருந்தது, ஊரும் கடலுக்கு எட்டி இருந்தது. அங்கேயும் கிழிந்ததை ஒட்ட ஆள் இல்லை. ஒட்டத் தெரிந்த கை குஞ்சம்மாவுடையது.

இடையில் நின்றது எல்லைக்கோடு. காரைக்காலுக்குப் புதுச்சேரி உத்தரவு வேண்டும், மாயவரத்துக்குச் சென்னை உத்தரவு வேண்டும். மாயவரத்து நூலகர் தெட்சிணாமூர்த்தி, மேலிடத்து உத்தரவில்லாமல் கையெழுத்துப் போடுவதென்ன, தும்மக்கூட மாட்டார். வாசகசாலைச் செயலாளர் ஆல்போன்ஸ், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரார் மரியாதையாக மிசியே என்று கூப்பிடுகிறவர், அவருக்குச் சளைத்தவர் இல்லை. கூட்ட நடவடிக்கை முழுவதையும் பிரெஞ்சில் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். படிக்கத் தெரியாததால் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. மரைக்காயரோ, வெளியே போன கிதாபு வீடு திரும்பாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகச் சொல்லிச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

மூன்றாவது கூட்டம், எழுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, வாசகசாலையில். குஞ்சம்மா வழக்கம்போல வடையும் காப்பியும் வைத்தாள். வழக்கம்போல ஒருவரும் தொடவில்லை. நல்ல வடை, சுடச்சுட. முதல் இரண்டு கூட்டத்து வடையையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தவள், இன்றைக்கும் அப்படித்தானா என்று வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேச்சு ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. நாமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம் ஏட்டுக்கு என்ன மதிப்பு என்றார் ஆல்போன்ஸ். வலியக் கேட்டு வாங்குவது எங்களுக்கு முறையில்லை என்றார் தெட்சிணாமூர்த்தி. அவர்கள் முதலில் வாய் திறக்கட்டும் என்ற மாதிரி மரைக்காயர் தாடியை நீவிக்கொண்டார்.

இதே பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று குஞ்சம்மாவுக்குத் தோன்றியது. ஆறிப்போன வடையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தங்கை அல்லிக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில், வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் யாரும் பலகாரத்தைத் தொடமாட்டார்கள். இந்த மூன்று பேரும் நூலகக் கூட்டத்துக்கு வரவில்லை. தங்களுக்கே தெரியாமல் சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்திலேயே இருந்த ஆல்போன்ஸ் வீட்டுக்கு ஓடினாள். அவர் மனைவி ஆன்தோனெத்திடம் மூன்று எவர்சில்வர் தாம்பாளம் வாங்கினாள். தெருமுனைக் கடையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஊரின் ஏட்டுப் பட்டியலை மடித்து வைத்தாள். பட்டியலாவது முதல் கூட்டத்திலேயே தயாராகியிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து தட்டுகளை மேசையில் பரப்பினாள்.

"கையெழுத்துதான போடக் கூடாது? போட வேணாம். தட்டு மாத்திக்குவோம்" என்றாள்.

மூன்று பேரும் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல அவசியமே இல்லாமல் போனது. நிச்சயத்துக்குத் தட்டு மாற்றாத வீடு அந்த மூன்றில் எதுவும் இல்லை. கோயிலுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு, மாதா கோயிலுக்குப் போகிற வீடு எல்லாவற்றிலும் அது உண்டு. போட்ட கையெழுத்துக்கு வக்கீல் வைத்து வழக்காடலாம். தட்டு மாற்றிவிட்டுப் பின்வாங்கியவன் சொந்தபந்தத்தின் முகத்தில் விழிக்க முடியாது.

ஆல்போன்ஸ்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "அப்ப இதுல யாரு மாப்பிள்ளை வீடு?"

"மூணு பேருமே பொண்ணு வீடுதான் மிசியே. மூணு பேருமே மாப்பிள்ளை வீடும்தான். எங்க பொண்ணு அவங்க மாடிக்குப் போவுது, அவங்க பொண்ணு என் கைக்கு வருது. யாரும் யாருக்கும் இறங்கிப் போக வேண்டியதில்ல."

மரைக்காயர் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி சொல்றது சரிதான். சம்பந்தி வூட்டுக்குப் போன பொண்ண யாரு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லுவா? எங்க வூட்டுப் பெரியவங்க வாயை இத வச்சே அடைச்சிடலாம்."

தெட்சிணாமூர்த்தி மட்டும் அசையவில்லை. அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று இழுத்தார். அடுத்த கூட்டம் புரட்டாசியில் வரும் என்று குஞ்சம்மா சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. புரட்டாசியில் நிச்சயம் செய்வதாவது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து பதினெட்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். எந்தக் கோப்பையும் மூன்று வருஷம் ஊறப்போடத் தெரிந்த மனுஷர், எழுந்து நின்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் ஆகட்டும்மா. கிழக்கப் பாத்து நில்லுங்க எல்லாரும்" என்றார்.

காரைக்கால் தட்டு மாயவரத்துக்குப் போனது, மாயவரத்துத் தட்டு பட்டினத்துக்கு, பட்டினத்துத் தட்டு காரைக்காலுக்கு. ஆல்போன்ஸ் கொடிக்கு முன்னால் நிற்பவர் போல விறைத்து நின்று வாங்கிக்கொண்டார். பத்து இருபத்தேழுக்கு எல்லாம் முடிந்தது. அதன் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து வடையைத் தின்றார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆறிப்போனது என்று யாரும் குறை சொல்லவில்லை. வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த குஞ்சம்மா, காலித் தட்டைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மரைக்காயரின் வேன் வந்தது. நூற்று இருபது ஏடு பட்டினத்து மாடிக்கு ஏறியது. பூச்சி கண்ட நாற்பத்து மூன்று, கப்பல் பதிவேடு உட்பட, மாயவரம் போனது. பதிவேட்டை ஒப்படைக்கும்போது ஈரக் கையால் தொடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று அவள் சொன்ன புத்திமதி முடிவதற்குள் வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். பதிலுக்கு வந்த முதுகு பிய்ந்த புத்தகங்களை ஆல்போன்ஸ் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒட்டினாள். ஆன்தோனெத் சாப்பாட்டு மேசையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, புருஷனைச் சமையலறையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கொட்டுகிற மழையில், மத்தியானம் மூன்று மணிக்கு வாசகசாலைக் கூரை இறங்கியது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. அலமாரிகள் நொறுங்கிக் கிடந்தன, எல்லாம் வெறும் அலமாரிகள். குஞ்சம்மா குடைபிடித்து நின்று பார்த்தாள். வாருவதற்குக் கூழ் இல்லை, ஓடுதான் இருந்தது.

தீபாவளியன்று காலை மழை சற்று விட்டிருந்தது. ஆல்போன்ஸ் வீட்டு வாசலில் தெட்சிணாமூர்த்தி வந்து நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது, மார்போடு அணைத்திருந்த பை மட்டும் காய்ந்திருந்தது. உள்ளேயிருந்து எடுத்தார். கப்பல் பதிவேடு, அரக்குச் சிவப்பில் புதுத் துணி உறை போட்டுக்கொண்டு.

"தலை தீபாவளி இல்லியா, பொறந்த வீட்டுக்கு அழைச்சிட்டு வந்தேன். முறைப்படி புதுத்துணி நீங்க எடுக்கணும். எங்க வீட்டுல தைச்சுட்டாங்க, கோவிச்சுக்காதீங்க."

உத்தரவு கேட்டீர்களா என்று ஆல்போன்ஸ் உள்ளேயிருந்து விசாரித்தார். பெண்ணை அழைத்து வருவதற்கு எந்தச் சம்பந்தி உத்தரவு கேட்பான் என்றார் தெட்சிணாமூர்த்தி.

குஞ்சம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தொழில் தொழில்தானே. விரலை நனைத்து உறையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். சாயம் ஒட்டவில்லை. நாலு தண்ணீரில் அலசித்தான் தைத்ததாக அவர் அவசரமாகச் சொன்னார். பக்கங்களைப் புரட்டினாள். புதுத் துளை ஒன்றுகூட இல்லை. திருவேட்டக்குடி காசியம்மா அதே குண்டு எழுத்தில் பத்திரமாக இருந்தாள்.

அதே தாம்பாளத்தில் பதிவேட்டை வைத்து, பக்கத்தில் ஒரு கற்கண்டும் வைத்தாள். சம்பந்திக்கு வடை எடுத்து வந்தாள். அவர் கேட்காமலே இரண்டு தின்றார். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். பதிவேட்டை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, பைக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த மழை வர்றதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்க சார். அதுக்கு இப்ப அதான் வீடு."