விட்டுப்போன அரை

மணவாள நகரில் பௌதிகம் டியூஷன் எடுப்பவள் சந்திரகலா ஒருத்திதான். 1959இல் அவளுக்கும் பரசுராமனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைவிட வசதியான இடம் வந்ததும், பெண்ணுக்கு வலிப்பு என்று ஊரெல்லாம் சொல்லி முறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவளைப் பெண் பார்க்க ஒருவரும் வரவில்லை.

1967இல் அதே பரசுராமன், பி.யு.சி. படிக்கும் தங்கை பூவம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத, சந்திரகலா. இவள டாக்டருக்குப் படிக்க வெக்கணும்னு ஆசையா கீது."

"வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்த ஆசையை உடைப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

சீரான முடுக்கம் பாடம் வந்தது. கீழே விழும் பொருள் கடக்கும் தூரம், முடுக்கத்தையும் நேரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி அதில் பாதி. அந்தப் பாதியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

"பொஸ்தகத்துல வேற மாதிரி கீதே, டீச்சர்?"

"அச்சுப்பிழை. நான் சொல்றத எழுது."

பூவம்மாள் தலையாட்டி எழுதியபோது சந்திரகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஒரு வாரம் கழித்து வந்த பூவம்மாள் உட்காராமல் நின்றாள்.

"லேப்லேந்து ஸ்டாப் வாட்ச் வாங்கியாந்து எங்க ஊட்டுக் கெணத்துல கல்லு போட்டுப் பாத்தேன், டீச்சர். ஒன்றரை செகண்டு. உங்க கணக்குல எழுபத்திரண்டு அடி வருது. கயிறு வுட்டு அளந்தா முப்பத்தாறுதான்."

சந்திரகலா புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"அண்ணன் மேல கோவம்னு தெரியும். வலிப்புன்னு கட்டிவுட்டது அவருதான். அம்மாகிட்ட சிரிச்சிக்கினே சொன்னத நானே கேட்டேன். ஆனா நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?"

அந்தக் கேள்வி சுட்டது. விட்ட பாதியைச் சேர்த்து எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வைத்தாள். கோபம் மட்டும் குறையவில்லை. அது போக வேண்டிய இடம் இப்போது தெளிவாகியிருந்தது.

பூவம்மாள் முதல் வகுப்பில் தேறினாள். பரசுராமன் அவளோடு பழத்தட்டை ஏந்தி வந்தான். எதிரே குழாயடியில் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். சந்திரகலா வாசலை மறித்துக்கொண்டாள்.

"எனக்கு வலிப்பு இல்ல, அது நீ கட்டுன பொய்னு இவங்ககிட்ட சொல்லு."

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்..."

"நீ சொல்றியாண்ணா, நான் சொல்லட்டுமா?" என்றாள் பூவம்மாள்.

அவன் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"சத்தமா" என்றாள் சந்திரகலா.

சொன்னான். குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. சந்திரகலா தட்டை வாங்கவில்லை. பூவம்மாளை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.