போதும் என்று தோன்றக் கூடாது

நான்காம் எண் தொட்டியில் இருந்தவை பாக்டீரியாக்கள். கோழித் தீவனத்துக்கு வேண்டிய லைசின் என்னும் அமினோ அமிலத்தை அவை செய்துகொடுத்தன. கூலி, சர்க்கரைப் பாகு. அவற்றைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. "எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெத்து, அதைப் பள்ளிக்கூடத்துலயும் சேர்த்தாச்சு. அண்ணி இன்னும் தற்காலிகம்தான்" என்று நாத்தனார் வாய்க்கு வாய் சொல்லிக்காட்டுவாள்.

இந்த முறை மேலாளரே வாயைத் திறந்தார். "லிட்டருக்கு நூறு கிராம் தாண்டட்டும்மா. நிரந்தர ஆர்டர் உன் கையில."

அது போதாதா? அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். ஒரு விஷயம் உறுத்தியது. பாகு தாராளமாகப் போகிறது. த்ரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை மட்டும் கஞ்சன் வீட்டு நெய் மாதிரி சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அதைச் சொந்தமாகச் செய்துகொள்ள இந்த இனத்துக்கு வக்கில்லை. அது இல்லாமல் வளரவும் முடியாது. பட்டினி போட்டு வேலை வாங்கினால் எந்த ஜீவன் உருப்படியாக உழைக்கும்? சோறு போட்டுப் பழகிய எவளும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். த்ரியோனின் வால்வை இரண்டு சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டாள்.

தின்றன. கொழுத்தன. பெருகின. மறுநாள் காலை தொட்டியில் நுரை பொங்கி வழிந்தது. லைசின் மட்டும் நேற்றைய அறுபது கிராமிலேயே படுத்துக் கிடந்தது.

பரிசோதனைக் கூடத்துக்காரர் மூன்று முறை சோதித்தார். பிறகு வால்வைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வயிறாரப் போட்டியாக்கும்?"

"பாவமா இருந்துச்சு சார்."

"லைசின், த்ரியோனின் ரெண்டுக்கும் ஆரம்பத்துல ஒரே வழிம்மா; இந்த இனத்துல த்ரியோனின் பக்கம் போற கிளை மட்டும் அறுந்து கிடக்கு. த்ரியோனின் நிறைஞ்சு கிடந்தா, கிருமி போதும்னு அந்தப் பொது வழியையே அடைச்சிடும். லைசினும் நின்னுடும். குறைச்சலா இருந்தாத்தான் போதலை, போதலைன்னு செஞ்சு கொட்டும்."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். "குடியைக் கெடுத்தியே! அதுக்குப் போதும்னு தோணவே கூடாது. அதனாலதான் கண்ணுல காட்டிக் காட்டித் துளித் துளியா விடறோம். சாகவும் விடறதில்லை, நிறையவும் விடறதில்லை. இதுகூடத் தெரியாம ஆறு வருஷமா என்னத்தைக் கிழிச்சே?"

 அவளுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே?

"என் ஆர்டரும் அப்படித்தானா சார்?"

பரிசோதனைக் கூடத்துக்காரர் மீட்டரில் அவசரமாக எதையோ தேடினார். மேலாளருக்கு முகம் சிவந்தது.

"நீ மனுஷிம்மா. அது கிருமி."

"ஆமா சார். அதுக்குத் தெரியாது. எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் மதியத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போனது அன்றுதான்.