மூன்றாவது தந்தி

மூன்றாவது தாளையும் கசக்கிப் போட்டுவிட்டு நான்காவதைக் கேட்டாள் தொமியே. தபால் நிலைய அதிகாரி ஒகுரா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எட்டு மணிக்குத் திறக்க வேண்டிய கதவை ஏழு மணிக்கே தட்டித் திறக்க வைத்திருந்தாள்.

"'தந்தை கவலைக்கிடம் உடனே வா.' இதைத்தானேம்மா ஜூன்லயும் எழுதினே?"

"ஆமா."

"ஆகஸ்ட்ல?"

"'தந்தை கவலைக்கிடம் இம்முறை உண்மை உடனே வா.'"

ஒகுரா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இன்னைக்கு என்னதான் எழுதறது?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஜூன் மாதம் அந்தத் தந்தியைப் பார்த்துவிட்டு, பயணத்தின் நடுவில் பேஸ்பால் அணியை விட்டுவிட்டு ஓடி வந்தான் தம்பி ஷிகேஜி. கவலைக்கிடமான தந்தை படகுத்துறையில் நின்று கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் பக்கத்துத் தீவிலிருந்து ஒரு பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் முன்னோர் பூஜைக்கு வரவழைத்தபோது, கல்லறைக்குத் தண்ணீர் விட்ட கையோடு படகின் சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். பேஸ்பால் ஆடிப் பிழைக்கிறவன் என்றைக்காவது கரைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பது அப்பா யோஹெய்யின் கணக்கு. முப்பது வருஷமாகத் தீவுக்கும் கரைக்கும் இடையே படகு ஓட்டியவர். பேஸ்பாலைத் தடி விளையாட்டு என்றுதான் சொல்வார்.

இரண்டு முறையும் தந்தி எழுதியது தொமியேதான். முதல் முறை எழுதும்போது சிரிப்பை அடக்க முடியாமல் ஒகுராவும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். 

"அணி மேனேஜர் என்ன சொன்னாராம் தெரியுமா?" என்றார் ஒகுரா, சொல்லாமல் இருக்க முடியாதவராக. "அடுத்த தடவை உங்க அப்பா சாகப்போறப்ப ஒரு வாரம் முன்னாடியே சொல்லி அனுப்பச் சொல்லுன்னாராம்."

"தெரியும்."

நேற்று மாலையிலிருந்து அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் வந்து பார்த்த டாக்டர் அவளை வாசலுக்கு அழைத்து, கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள், சாயங்காலம் தாண்டாது என்றார். உள்ளே திரும்பியபோது அப்பா விழித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஷிகேக்குத் தந்தி கிந்தி குடுத்துடாதே. வர வேணாம்னு சொல்லிடு. இன்னைக்கு அவன் பந்து எறியற முறை" என்றார்.

அதை அப்படியே எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வர வேண்டாம் என்று எழுதினால் வராமலே இருந்துவிடுவான். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற பிள்ளை அவன். அதனால் பழைய வார்த்தைகளையே எழுதி, 'மருத்துவரும் சொல்கிறார்' என்று சேர்த்தாள்.

"போன தடவை டாக்டர் வரல இல்ல? அப்ப நம்புவான்" என்றார் ஒகுரா.

ஷிகேஜியின் செதோ அணி அன்று ஒகாயாமாவில் ஆடியது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் சொந்த ஊருக்கு இத்தனை அருகில் வருவார்கள். அவர்கள் தங்கும் விடுதியில் டெலிபோன் கிடையாது. ஆனால் தந்தி ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ரயிலில் அரை மணி நேரம், படகில் ஒரு மணி நேரம். பன்னிரண்டு மணிப் படகில் வந்து குதித்துவிடுவான்.

பன்னிரண்டு மணிப் படகிலிருந்து இரண்டு மீன்காரிகளும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இறங்கினார்கள். அப்பாவின் இடத்தில் இப்போது படகு ஓட்டும் ஸென்கிச்சி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். தம்பி வரவில்லை.

"கரையில எல்லாப் பக்கமும் பார்த்தியா?"

"ரயில் வந்து, போயே போச்சு அக்கா. அவன் வந்திருந்தா மைல் தூரத்துலயே தெரிவானே. அந்த உயரத்துக்கு."

வீட்டுக்கு ஏறி வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தந்தி தாமதமாகக் கிடைத்திருக்கும். மேனேஜர் விட்டிருக்க மாட்டார். அடுத்த ரயிலில் வருவான். வீட்டில் கானே அத்தை, அப்பாவின் அக்கா, தலையணைப் பக்கம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அக்டோபர் மாதத்தில் விசிறி எதற்கு என்று கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ரேடியோவைப் போடு" என்றார் அப்பா.

அந்த ரேடியோ இந்த வருஷ வசந்தத்தில் வந்தது. படகுக்காரனுக்கு வானிலை தெரிய வேண்டாமா என்று வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதன் முள் வானிலைப் பக்கம் திரும்பியதை யாரும் பார்த்ததில்லை. செதோ அணி ஆடும் ஆட்டங்களை முதுகைத் திருப்பிக்கொண்டு, வலை தைத்துக்கொண்டு கேட்பார். கேட்கவில்லை என்பதாகப் பெயர்.

ஒரு மணிக்கு அறிவிப்பாளர் குரல் வந்தது. எதிரணியான ஒசாகாக்காரர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தார். அப்புறம், "செதோ அணிக்காக இன்று எறிபவர், ஹமாசகி ஷிகேஜி."

தொமியே கையிலிருந்த ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் அங்கேதான் இருக்கிறான். தந்தி கிடைத்தும் அங்கேதான் இருக்கிறான்.

"ஸென்கிச்சியை அனுப்பேன்டி" என்றாள் அத்தை காதோரம்.

"அவன் போனா படகை யாரு ஓட்டறது? போய்ச் சேர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும் அத்தை."

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்தப் பருவம் முழுக்க அவன் மூன்று முறை ஜெயித்து, பத்தொன்பது முறை தோற்றிருந்தான். செதோ அணியே புள்ளிப் பட்டியலில் எல்லாருக்கும் கீழே படுத்துக் கிடந்தது. அதிலும் ஷிகேஜி எறிகிற நாட்களில் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதைத் தாண்டுவதே அபூர்வம். நாலு பேர் வரிசையாக அடித்து நொறுக்குவார்கள், மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிடுவார். தீவுக்காரர்கள் கடைத்தெருவில் அவளைப் பார்த்து, "நேத்து தம்பி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனான்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கோயிலுக்குப் போய் மணியை அடித்து, ஒரே ஒரு வெற்றி கொடு என்று கேட்டிருக்கிறாள்.

இன்றும் மூன்றாவதிலேயே அனுப்பிவிட்டால் இரண்டரை மணி ரயிலைப் பிடித்துவிடுவான். நாலு மணிப் படகு. அப்பாவின் மூச்சு நாலு மணி வரை தாங்கும். தாங்காமல் எங்கே போகும்.

சமையலறைக்குப் போய்த் துணியைப் பிழிந்தாள். "அடிங்கடா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "தடிப்பயலுகளா, அடிங்கடா!"

"யாரைடி திட்டறே?" என்று உள்ளிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

"பூனை அத்தை."

ஆனால் ஒசாகாக்காரர்கள் அடிக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். இரண்டாவதிலும் அப்படியே. வருஷம் பூராவும் அடி வாங்கியவனுக்கு இன்று என்ன வந்ததோ, அறிவிப்பாளரே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் செதோ அணி எப்படியோ ஒரு ரன் எடுத்துவிட்டது. தெருவில் நிஷிதானியின் டோஃபு கடையிலிருந்து கூச்சல் கேட்டது. தீவில் பாதிப் பேர் அங்கே கூடியிருந்தார்கள்.

அப்பாவின் வலது கை போர்வை மேல் விரிந்து கிடந்தது. ஒவ்வோர் ஆள் அவுட்டாகும்போதும் ஒரு விரல் மடங்கியது. மூன்று மடங்கி இன்னிங்ஸ் முடிந்ததும் கை திரும்ப விரிந்துகொண்டது.

"எத்தனையாவது?"

"அஞ்சுப்பா."

"அடிச்சானுங்களா?"

"இல்லப்பா."

"ம்." ஒரு மூச்சு இழுத்துவிட்டார். பிறகு, "தந்தி குடுத்தியா?"

தொமியே அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தை விசிறியை நிறுத்தினாள்.

"குடுக்கலப்பா."

"நல்லது. குடுத்திருந்தா ஆட்டத்தை விட்டுட்டு ஓடி வந்திருப்பான், மடையன்."

அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் ரேடியோ பக்கம் திரும்பி, குமிழைத் தேவையில்லாமல் திருகினாள். ஆத்திரமாக வந்தது அவளுக்கு. தம்பி மேலா, தன் மேலா, இரண்டு முறை பொய் எழுத வைத்த இந்த மனிதர் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏழாவதில் ஒசாகாக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து உயரப் போகிறது, போகிறது என்று அறிவிப்பாளர் கத்தினார். தொமியே எழுந்தே நின்றுவிட்டாள். போ, போ என்று மனம் அடித்துக்கொண்டது. வேலி ஓரத்தில் யாரோ பிடித்துவிட்டார்கள். அப்பாவின் விரல் மடங்கியது. இனி இரண்டரை மணி ரயில் இல்லை. நாலு மணிப் படகும் இல்லை.

எட்டாவதில் முதல் ஆள் அவுட். ஒரு விரல். இரண்டாவது ஆள் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டு அவுட்டானான். இன்னொரு விரல், மெல்ல, பாதி மட்டும். மூன்றாவது ஆளுக்கு ஷிகேஜி பந்தை எறிந்தான். எறிந்துகொண்டே இருந்தான். "அவுட்!" என்றார் அறிவிப்பாளர். டோஃபு கடை ஆர்ப்பரித்தது.

மூன்றாவது விரல் மடங்கவில்லை. தொமியே அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோஹெய்?" என்றாள் அத்தை. "யோஹெய், ஏய்!"

கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. சாப்பாட்டுக் குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி அத்தையே கொண்டுவந்தாள். போகிறவரின் உதட்டைக் கடைசியாக நனைக்க வேண்டும். "ஆம்பளப் பிள்ளைதான் முதல்ல தொடணும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தொமியே பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள். நீர் ஓரமாக வழிந்து தாடைக்குப் போயிற்று.

அத்தை ரேடியோவை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் அத்தை."

ஒன்பதாவது இன்னிங்ஸ் ஓடியது. இனி அவன் ஜெயித்தால்தான் என்ன, தோற்றால்தான் என்ன என்று உட்கார்ந்திருந்தவள், கடைசி ஆள் வந்தபோது தன் கை இரண்டும் கோத்து இறுகியிருப்பதைக் கண்டாள். ஜெயித்துவிடுடா என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம். ஷிகேஜி ஜெயித்துவிட்டான்.

"பன்ஸாய்!" என்று தெரு முழுக்க ஜெயகோஷம் எழுந்தது. நிஷிதானி சாகே மதுப் புட்டியோடு ஓடி வந்து, "யோஹெய் அண்ணே, கேட்டீங்களா!" என்று கதவைத் தள்ளினார். உள்ளே பார்த்தார். புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து, பின்பக்கமாகவே நடந்து போனார். கூச்சல் வீடு வீடாக அடங்கியது.

ஆறு மணிப் படகுக்குத் தொமியே துறையில் நின்றாள். அவன் வருவான் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜெயித்தவனுக்கு அப்பாவிடம் வந்து காட்டாமல் தூக்கம் வராது.

படகு கயிறு வீசும் முன்பே குரல் வந்தது.

"அக்கா! இந்தத் தடவை பொண்ணு யாரு?"

ஸென்கிச்சி குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நாலு மணி நடைக்கு வந்தபோதே அவனுக்கு விஷயம் தெரியும். ஒரு மணி நேரம் தம்பியோடு கடலில் வந்தும் வாய் திறக்க முடியவில்லை போலும்.

ஷிகேஜி ஒரே தாவலில் துறையில் குதித்தான். மேல்கோட்டுக்கு அடியில் அணிச் சீருடை. குளிக்கக்கூட இல்லை. இடது கையில் ஒரு கைக்குட்டைப் பொட்டலம். "கிழவர் எங்கே? இந்தத் தடவை மருத்துவர் வேறயாம்! டாக்டரையும் கூட்டுச் சேர்த்துட்டாரா? இந்தா, கடைசிப் பந்து. தடி விளையாட்டுப் பந்துன்னு சொல்லிக் குடு." சொல்லிக்கொண்டே கிட்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் திரும்பி நடந்தாள். அவன் பின்னால் வந்தான். வீட்டு வாசலில் மூங்கில் தட்டி, சாவு வீட்டின் அடையாளமாக, உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அங்கே ஒரு முறை நின்றான். பிறகு குனிந்து உள்ளே போனான்.

தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தவன் வெகுநேரம் முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கவில்லை.

"காலைல தந்தி வந்துச்சு" என்றான். "சாப்பிட்டுட்டு இருந்தோம். நான்தான் எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

தொமியே பாயின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எனக்கு ஒரு நிமிஷம் கூடச் சந்தேகம் வரலக்கா. அப்பாவை எனக்குத் தெரியாதா? நிஜமாவே முடியாமப் போயிருந்தா வான்னு கூப்பிட மாட்டாரு. வர வேணாம்னுதான் சொல்லி அனுப்புவாரு. அப்படி ஒரு வார்த்தை வந்திருந்தா, நான் செருப்பு கூடப் போடாம ஓடி வந்திருப்பேன்."

அவள் வாய் திறந்தது. அத்தை இருவரையும் பார்த்தாள். காலையில் அந்த வார்த்தையை அவளும் கேட்டிருந்தாள்.

"எட்டாவது வரைக்கும் கேட்டாரு" என்றாள் தொமியே. "ரெண்டு அவுட் வரைக்கும்."

ஷிகேஜி தலையசைத்தான். துணியை விலக்கினான். அத்தை கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்தான். ஒன்பது இன்னிங்ஸ் எறிந்த கை இடுப்புக்கு மேலே எழவில்லை. மறுபடியும் முயன்றான். தண்ணீர் பாயில் சொட்டியது. இடது கைக்கு மாற்றப் போனான். அத்தை வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தொமியே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள்.