பாட்டரி அறையின் ஜன்னல்

முத்துநாயகம் மத்தியானம் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். சாயங்காலம் பாட்டரி அறை வெடித்தது. போலீசுக்கு அதுவே போதுமாயிருந்தது.

குளச்சல் கடைத்தெருவில் பகவதியப்பனின் மைக் செட் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பாட்டரி அறை. கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிற ஊர்களில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது; பாட்டரியில்தான் பாட்டு ஓடும். பாட்டரிகளை மேசையில் வரிசையாக வைத்து, மூடிகளைக் கழற்றி, சார்ஜரில் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆசிட் குமிழ் விடும். குமிழிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஜன்னல் திறந்திருந்தால் போய்விடும். அடைத்திருந்தால் கூரையடியில் திரண்டு நிற்கும், நெருப்புக்காக.

இதையெல்லாம் பகவதியப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் முத்துநாயகம். மனைவி சொர்ணம்மாளின் அண்ணன், பழைய கூட்டாளி. கடைப் பலகையில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று தொடங்கிய சண்டையில் பிரிந்து, இரணியலில் தனிக்கடை போட்டுவிட்டான். அந்த வருஷம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு மைக் கட்டுகிற வேலை பகவதியப்பனுக்குக் கிடைத்தது. கிடைத்த மறுவாரம் ஜன்னல் வழியாக ஒரு பாட்டரி களவு போனது. மச்சினன் வேலைதான் என்று முடிவுகட்டி, ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டான்.

சேதி கேட்டு ஓடிவந்தான் முத்துநாயகம்.

"மாப்பிளே, ஜன்னல அடச்சுப் போட்டீராமே! காஸ் பின்ன எங்கூடி போவும்? உம்ம தலைவழியாட்டா?"

"என் ஜன்னலு, என் காஸு. உமக்கு எங்கவே வலிக்கு?"

"எந் தங்கச்சி கெடக்கிய வீடுவே அது! ஒரு பீடி போரும். கூர இருக்காது, கேட்டீரா?"

பகவதியப்பன் தெருவைப் பார்த்துத் திரும்பினான். "கேட்டியளா எல்லாரும்? கூர இருக்காதாம்! வந்து மெரட்டிட்டுப் போறாரு!"

தெரு கேட்டது. நன்றாகவே கேட்டது.

அந்தி மயங்கியது. சொர்ணம்மாள் விளக்கேற்றி, அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். பாட்டரி அறை வாசலில் வழக்கம்போல நின்றுவிட்டாள்.

"ஏட்டி, என்ன நிக்க? உள்ள கொண்டா. அம்மன் வேலைக்குப் போற பாட்டரி. வெளக்குக் காட்டாண்டாமா?"

"உள்ள தீ கொண்டு போவப்பிடாதுன்னு அண்ணேன்..."

"ஒங்க அண்ணேன் இப்பம் இந்தக் கடையில பங்காளியாக்கும்? பேடிச்ச மூதி. கொண்டாட்டி!"

கதவைத் திறந்துவிட்டு அவன் முன்கடைக்கு நகர்ந்தான். அவள் விளக்கை உயர்த்திக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள்.

சத்தம் கடற்கரை வரை கேட்டதாகச் சொன்னார்கள். மேசைப் பாட்டரிகளில் பாதி தெறித்தன. ஆசிட் அவள் முகத்தில் விழுந்தது.

"தண்ணி! இஞ்சேருங்க, கண்ணு எரியுகே, தண்ணி!"

பகவதியப்பன் ஓடிவந்தான். மெயினை அணைத்தான். பிறகு உடையாத பாட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்தில் வைத்தான். பக்கத்து வீட்டு சுலைகா பீவி குடத்தோடு ஓடிவந்து அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றியபோது காலம் கடந்திருந்தது. "உடனே கழுவியிருந்தா ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

முத்துநாயகம் லாக்கப்பில் இருந்தான். மலையாள அரசின் கீழிருந்த இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த கூட்டங்களுக்கெல்லாம் மைக் கட்டியவன் அவன்; போலீசுக்கு அவன் மேல் ஏற்கெனவே ஒரு கண். மச்சினன் வெடிகுண்டு வைத்தான் என்று பகவதியப்பன் எழுதிக் கொடுத்தபோது யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. சொர்ணம்மாளின் வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் பகவதியப்பன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் பாக்கலன்னு மட்டும் சொல்லு. அது போரும். கொடை வேல கையில நிக்கும். ஒன்ன சாவுகது வர வச்சுக் காப்பாத்துவேன். மாத்திச் சொன்னியோ, ஒங்க அண்ணேன் வீட்டுக்கே போயிக்கோ."

இன்ஸ்பெக்டர் வந்தார். "அம்மா, உங்க அண்ணன் அறைக்குள்ள வந்தானா?"

"வரல்ல. வெளக்கு எங்கையில இருந்துது. ஜன்னலு அடச்சிருந்துது. அடைக்காண்டாம்னு சொல்லத்தான் அண்ணேன் வந்தான்."

"விளக்கை உள்ளே கொண்டுபோகச் சொன்னது யாரு?"

"கடைக்காரரு."

கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

முத்துநாயகம் விடுதலையானான். கொடை வேலை அவன் கைக்கு வந்தது. சொர்ணம்மாளும் இரணியலில் கடையை ஒட்டிய அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இங்க இதொண்ணுதான் கொறச்சலா கெடந்துது" என்றாள் அண்ணன் மனைவி தாணம்மாள், அடுப்படியில், காதில் விழும்படியாக.

கொடை நெருங்கியது. ஒரு மத்தியானம் சுவரைத் தடவி நடந்த சொர்ணம்மாளின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. கொடகொடவென்று குமிழ் விடுகிற சத்தம். ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. முகத்தில் காற்று படவில்லை.

"அண்ணே, ஜன்னலு தொறந்தா இருக்கு?"

முத்துநாயகம் வயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "சாத்தித்தான் வச்சிருக்கேன் மக்கா. ஒம் மாப்பிள்ள ஆள வச்சு நம்ம பாட்டரிய ஒடைக்கப் போறானாம். சந்தையில பேச்சு."

"நீயா இப்பிடிச் சொல்லுக?"

"எனக்குத் தெரியாதாட்டி? தீ கிட்ட வராம பாத்துக்கிட்டா ஒண்ணுமில்ல. ஒம் மைனிகிட்டயும் சொல்லியாச்சு. கொடை முடியட்டும்."

குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டைக்காட்டுக்குப் போய்விட்டான்.

சொர்ணம்மாள் பாட்டரி அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் தோளை விட்டு இறங்கியது.

"தீபம்... தீபம்..."

தாணம்மாளின் குரல். உள்ளறை. அடுக்களை. குரல் இங்கே வந்தது.

"வழிய விட்டு மாறு கொழுந்தி. அம்மன் வேலைக்குப் போறது. ஒரு வாட்டி காட்டிட்டுப் போறேன்."

"மைனி, வேண்டாம். அண்ணேன் சொன்னான்லா!"

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. ஒன்னைய வீட்டுல ஏத்துன பொறவு அம்மைக்கு வெளக்கும் காட்டாம இருந்தா வெளங்குமா? மாறுட்டி!"

கதவு கிரீச்சிட்டது. சூடு சொர்ணம்மாளின் கன்னத்தைக் கடந்தது. அவள் எழுந்து சூடு வந்த திசையில் இரண்டு கைகளையும் நீட்டி, தீயைப் பொத்திப் பிடித்தாள்.

எண்ணெய் சிந்தியது. விளக்கு அணைந்தது.

"அய்யோ! சந்தி நேரத்துல வெளக்க அணச்சிட்டாளே, சவத்து மூதி! கெட்டினவன் குடியக் கெடுத்தது போராதா ஒனக்கு?"

தெரு கூடியது.

முத்துநாயகம் திரும்பி வந்தான். அணைந்த விளக்கையும், தங்கையின் வெந்த உள்ளங்கைகளையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. கூடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டான். விடிந்ததும் வண்டி பிடித்து, அவளை மணவாளக்குறிச்சியில் சித்தி வீட்டில் இறக்கினான்.

"கொடை முடியுகது வர இங்க இரு மக்கா. ஒம் மைனிக்கு மனசு செரியில்ல."

"ஜன்னலத் தொறந்தியா?"

வண்டி ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது. "கொடை முடியட்டும்ட்டி."

கொடை தொடங்கியது. அடுத்த ஊர்தானே மண்டைக்காடு. அண்ணன் கட்டிய குழாயில் பாட்டு தெளிவாகக் கேட்டது. இடையிடையே வேட்டு போட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் சொர்ணம்மாள் தலையைத் திருப்பினாள், சத்தம் கோயில் பக்கமா, இரணியல் பக்கமா என்று.